டீச்சரிடம் கேளுங்கள்: மாவடு ஜாடியில் தண்ணீர் வந்த கதை

சென்ற இதழில், வெங்காயத்தில் உப்புப் போட்டுப் பிசறினால் ஏன் நீர் விடுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "செல்லின் சவ்வு தண்ணீரை விடும், உப்பை விடாது" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், முப்பத்தொரு வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்தியபோதுகூட இத்தனை கேள்வி வந்ததில்லை. வகுப்பில் கேட்டால் அடுத்த டெஸ்ட்டில் அதே கேள்வி வருமோ என்று பயம். இங்கே அந்தப் பயமில்லை. இந்த முறை சவ்வைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி: மாவடுவுக்கு விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பு மட்டும்தான் போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, வடு கிழவி முகம் போலச் சுருங்கிவிட்டது. ஆனால் கடித்துப் பார்த்தால் உள்ளே உப்பே ஏறவில்லை. தண்ணீர் மட்டும் வெளியே வரத் தெரிந்ததற்கு, உப்புக்கு உள்ளே போகத் தெரியாதா?

கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள் அம்மா. தெரியாதுதான்.

மரத்திலிருந்து பறித்ததும் மாங்காய் செத்துப்போவதில்லை. ஜாடிக்குள் போகும்போதும் அதன் செல்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புத் தோல், அதுதான் சவ்வு. தண்ணீர் அதைக் கடந்து சுலபமாகப் போய்வரும். உப்போ நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று பிரிந்து, இரண்டும் மின்னேற்றத்தோடு திரிபவை. மின்னேற்றம் உள்ள எதையும் கொழுப்புக்குப் பிடிக்காது. ஆக, வெளியே உப்பு நெருக்கம், உள்ளே சாறு. தண்ணீர் எந்தப் பக்கம் நீர்த்திருக்கிறதோ அங்கிருந்து, எந்தப் பக்கம் சரக்கு நெருக்கமாக இருக்கிறதோ அங்கே போகும். இதைத்தான் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று போட்டிருக்கும். காம்புப் பக்கம் ஈரம் கசிந்து முதல் உப்புக்கல் கரைந்துவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறார்களே, மேலே பச்சை, அடியில் ஊதா என்று, ரியோ இலை. அடித்தோலைப் பிளேடால் மெல்லிசாக உரித்துக் கண்ணாடித்துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதா நிறக் கட்டங்களாகச் செல்கள் தெரியும். ஓரத்தில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். சில நிமிடத்தில் ஊதா நிறம் கட்டத்தின் சுவரை விட்டு விலகி, நடுவில் உருண்டு திரளும். சுவர் நின்ற இடத்தில் நிற்கும். உள்ளே இருப்பவர் சுருங்கி உட்கார்ந்துவிடுவார். உங்கள் வடுவில் நடந்ததும் அதேதான்.

அப்புறம் உப்பு எப்போது ஏறும்? அந்த உப்புநீரில் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும்போது. செத்த செல்லின் சவ்வு யாரையும் தடுக்காது. உப்பு, மிளகாய், கடுகு எல்லாம் அதற்குப் பிறகுதான் உள்ளே நுழையும். என் ஜாடியில் மூன்று வாரம் ஆகிறது. விளக்கெண்ணெய் எதற்கு என்று என் மாமியாரைக் கேட்டால், உப்பு எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ள என்பார். நீங்கள் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தினம் இரண்டு வேளை குலுக்கினால் போதும்.

மன்னார்குடி வாசகர்: நறுக்கிய பீட்ரூட்டை அலசினால் முதல் தண்ணீர்தான் சிவப்பு, இரண்டாம் தண்ணீர் வெளுத்துவிடுகிறது. ஆனால் கொதிக்க வைத்தால் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் சாயம் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

கத்தி பட்ட செல்கள் மட்டும் உடைந்து முதல் தண்ணீரில் சாயம் விட்டன. மற்றவை முழுசாக இருக்கின்றன. சாயத்தை இரண்டு சவ்வுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. செல்லைச் சுற்றி ஒன்று, உள்ளே சாயம் இருக்கும் பையைச் சுற்றி இன்னொன்று. சூடு அறுபது டிகிரியைத் தாண்டும்போது இரண்டும் குலைந்துவிடும். பூட்டு போனால் சரக்கு போகும்.

இதில் எனக்கு ஓர் அனுபவம். பள்ளியில் உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் என்று ஒரு செய்முறை உண்டு. கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குடைந்து, குழியில் பாதிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி, மட்டத்துக்குக் குண்டூசி குத்தி, சாயம் கலந்த தண்ணீர்த் தட்டில் வைப்போம். ஒரு மணி நேரத்தில் குழிக்குள் மட்டம் ஊசியைத் தாண்டி ஏறும். ஒரு தடவை மறுநாள் காலை நேரம் மிச்சமாகட்டும் என்று, இரவே பத்துக் கிழங்கைக் குடைந்து வீட்டு ஃப்ரீஸரில் வைத்தேன். காலையில் எடுத்தால் கல். உருகட்டும் என்று காத்திருந்து செய்தோம். மட்டம் ஏறவேயில்லை. பாகு தட்டுக்கு ஒழுகியது, தட்டிலிருந்த சாயம் கிழங்குக்குள் திட்டுத் திட்டாக ஏறியது. கிழங்கு நனைந்த பஞ்சு மாதிரி தொங்கியது. உறைந்த பனிப்படிகம் சவ்வுகளைக் கிழித்துவிட்டது என்று புரிய எனக்கே சற்று நேரம் பிடித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், "டீச்சர், இது செத்துப்போன கிழங்கு" என்றாள். அதற்கப்புறம் வருடா வருடம் ஒரு கிழங்கை வேண்டுமென்றே ஃப்ரீஸரில் வைத்து, நல்ல கிழங்குக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டத் தொடங்கினேன்.

அரியலூரிலிருந்து பிளஸ் ஒன் மாணவன்: செல் சவ்வு இரட்டைக் கொழுப்பு அடுக்கு என்று புத்தகத்தில் இருக்கிறது. அவ்வளவு மெல்லிய பொருளில் இரண்டு அடுக்கு இருக்கிறது என்று எப்படி எண்ணினார்கள்?

நல்ல கேள்வி தம்பி. சவ்வின் கனம் ஏறத்தாழ 7 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் பருமனில் பத்தாயிரம் சவ்வை அடுக்கலாம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வருவதற்கு முன்பே, 1925-இல், ஹாலந்தில் லைடன் நகரத்தில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் இதை எண்ணிவிட்டார்கள். பார்க்கவில்லை, அளந்தார்கள்.

எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் அது பரவிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படலமாக நிற்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. இவர்கள் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்தார்கள். ஏன் அது? நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, உள்ளே வேறு சவ்வும் கிடையாது. அதிலிருந்து எடுக்கும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வின் கொழுப்பு. அதை அசிட்டோனில் கரைத்தெடுத்து, தண்ணீர்த் தொட்டியில் பரப்பி, படலத்தின் பரப்பை அளந்தார்கள். எத்தனை சிவப்பணு, ஒவ்வொன்றின் மேற்பரப்பு எவ்வளவு என்றும் கணக்குப் போட்டார்கள். படலம் சரியாக இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, அவர்கள் போட்டது தப்புக் கணக்கு. அசிட்டோனில் கொழுப்பு முழுவதும் வரவில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பையும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை மட்டும் சரியாக வந்துவிட்டது! பரீட்சையில் நீ இப்படிச் செய்தால் நான் ஸ்டெப்புக்கு மார்க் தரமாட்டேன் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்தால் சவ்வு என்பது பல்வரிசை போல அசையாமல் நிற்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. 1970-இல் ஃபிரை, எடிடின் என்ற இரண்டு பேர் எலிச் செல் ஒன்றையும் மனிதச் செல் ஒன்றையும் ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதனுடையவற்றுக்கு இன்னொரு நிறம். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி தனித்தனியாக நின்றன. உடம்புச் சூட்டில் 40 நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன. சவ்வு ஒரு திரவம். புரதங்கள் அதில் மிதந்து திரிகின்றன. 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் எழுதிய ஃப்ளூயிட் மொசைக் மாதிரியை நீ மனப்பாடம் செய்யும்போது இந்த 40 நிமிடத்தை நினைத்துக்கொள், மறக்காது.

திருச்சி வாசகர்: சவ்வு கொழுப்பு என்கிறீர்கள், தண்ணீர் சுலபமாகக் கடக்கும் என்றும் சொல்கிறீர்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா? பின்குறிப்பு: எங்கள் குடியிருப்பில் ஒருவர் வந்து, "மூலக்கூறுக் கொத்தைச் சிறிதாக்கி நேராகச் செல்லுக்குள் போகும் தண்ணீர்" தரும் இயந்திரம் விற்கிறார். வாங்கலாமா?

முதல் கேள்விக்கு: விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் இதில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசியும், உண்மை. ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் போகிற வேகத்துக்கு அந்தக் கசிவு காணாது. தனியாக ஒரு மதகு இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள், மதகைத்தான் காணோம்.

கண்டுபிடித்தவர் பீட்டர் ஆக்ரே, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவர். அவர் தேடியது மதகை அல்ல, ஆர்.எச். ரத்தவகைப் புரதத்தை. சிவப்பணுச் சவ்வில் அதோடு கூடவே இன்னொரு புரதம் நிறைய வந்துகொண்டே இருந்தது, என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. சந்தேகத்தைத் தீர்க்கத் தவளை முட்டையை எடுத்தார். தவளை முட்டை குட்டைத் தண்ணீரில் கிடந்தாலும் உப்பாது, அதன் சவ்வு தண்ணீரை அவ்வளவாக விடாது. அதற்குள் இந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பைச் செலுத்தி, புரதம் உருவாகும்வரை காத்திருந்து, வெறும் தண்ணீரில் போட்டார். சில நிமிடங்களில் முட்டை உப்பி வெடித்தது. செலுத்தாத முட்டை பக்கத்தில் சும்மா கிடந்தது. 1992-இல் வெளியான இந்தச் சோதனைக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் புரதத்துக்கு அக்குவாபோரின் என்று பெயர். ஒரு மதகு வழியாக ஒரு நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகின்றன. சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டிவிட்டு, நாம் ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியேற்றினால் போதும் என்று பார்த்துக்கொள்வது இந்த மதகுகளின் தயவால்தான்.

இனி இயந்திரம். அந்த மதகுக்குள் தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். கொத்தாகப் போவதே இல்லை என்னும்போது கொத்தைச் சிறிதாக்க எதற்குப் பணம்? விற்பவரிடம் மரியாதையாக இதைக் கேளுங்கள். மறுபடி வரமாட்டார்.

கும்பகோணம் வாசகி: ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது ஏன் உப்புத்தண்ணீர்? சுத்தமான தண்ணீரையே ஏற்றினால் என்ன?

சிவப்பணுக்கள் அந்தத் தவளை முட்டை மாதிரி வெடிக்கும். உயிருக்கே ஆபத்து. லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்ட தண்ணீர் ரத்தத்தின் நெருக்கத்தோடு ஒத்துப்போவதால் அணு உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. பாட்டிலில் 0.9 என்று போட்டிருப்பது அதுதான்.

நாகப்பட்டினம் வாசகர், ஓய்வுபெற்ற தபால்காரர்: தினம் ஒரு வாழைப்பழம், வாரத்துக்கு நாலு இளநீர். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம் என்கிறார்கள். ஆனால் பரிசோதனைத் தாளில் சோடியம் 140, பொட்டாசியம் வெறும் 4. சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது?

ஐயா, உங்கள் பொட்டாசியம் பத்திரமாக இருக்கிறது, பார்த்த இடம்தான் வேறு. ஆய்வகத்தில் அளப்பது ரத்தத்தின் திரவப் பகுதியை, அதாவது செல்லுக்கு வெளியே இருப்பதை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள் இருக்கிறது. உள்ளே போய் அளந்தால் கணக்கு தலைகீழ்: பொட்டாசியம் 140 வாக்கில், சோடியம் பத்துப் பதினைந்து.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்காது. எங்கள் காவிரிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பள்ளத்துக்குப் பாய மதகு போதும், மேட்டுக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அப்படி ஒரு மோட்டார் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்; செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகும். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டுக்கால் நரம்பை அரைத்துச் சோதித்து இதைக் கண்டுபிடித்து 1957-இல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997-இல், நாற்பது வருடம் கழித்து. நீங்கள் சும்மா ஈஸிசேரில் சாய்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மோட்டாருக்குப் போகிறது. மூளையில் இன்னும் அதிகம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு ஓர் ஆய்வகத்தில் பொட்டாசியம் 6.8 என்று தாள் கொடுத்துவிட்டார்கள். அது இதயத்துக்கு ஆபத்தான அளவு. மனிதர் எதிரே உட்கார்ந்து தெம்பாகப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நான் அழுதுகொண்டே மருத்துவரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மறுபடி எடுங்கள்" என்றார். 4.2 வந்தது. முதலில் ரத்தம் எடுத்தபோதோ குழாயைக் குலுக்கியபோதோ சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளேயிருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் நடத்திய விஷயம், சொந்த வீட்டில் நடந்தபோது எனக்கு ஞாபகமே வரவில்லை.

நாகர்கோவில் வாசகி: 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளிப்பூ கூடாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குச் செவ்வரளி சாத்துகிறோமே, அதில் அப்படி என்ன?

மேலே சொன்ன மோட்டாரை நிறுத்துகிற நஞ்சு அதில் இருக்கிறது. பூ, இலை, பட்டை எல்லாவற்றிலும். மோட்டார் நின்றால் இதயத் தசைச் செல்லுக்குள் சோடியம் தேங்கும். வழக்கமாகச் சோடியம் உள்ளே பாயும் வேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கால்சியம் வெளியே போகும். அந்தப் பாய்ச்சல் குறைந்ததும் கால்சியம் உள்ளேயே தங்கிவிடும். இதயம் முதலில் ஓங்கி அடிக்கும், பிறகு தாளம் தப்பும். இழுத்துக்கொள்ள ஆளில்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்.

இதே வேலையைத் துளி அளவில் செய்தால் மருந்து. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785-இல் ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையை இதய நோய்க்குக் கொடுத்ததைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தச் செடி வகையிலிருந்து வந்த டைஜாக்சின் மாத்திரையை இன்றும் சிலர் சாப்பிடுகிறார்கள். மாத்திரையை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தருகிறார்கள். பூவை யார் அளப்பது? மாலை சாத்துங்கள், தடையில்லை. வாயில் போடும் எதிலும் சேர்க்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்ணுக்கெட்டாமல் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தஞ்சாவூர் வாசகி: பேத்திக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தார்கள். பாக்கெட்டில் பார்த்தால் உப்பைவிடச் சர்க்கரை பல மடங்கு. போனது உப்பும் தண்ணீரும்தானே, சர்க்கரை ருசிக்கா?

ருசிக்கு இல்லை. அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் உப்பு உள்ளே போகாது.

குடல் சுவரின் செல்களில் ஒரு வாசல் இருக்கிறது. அது இரட்டைத் தாழ்ப்பாள் வாசல்: இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். மோட்டார் செல்லுக்குள் சோடியத்தைக் குறைத்தே வைத்திருப்பதால் சோடியம் உள்ளே பாயத் துடித்துக்கொண்டிருக்கும்; அந்தப் பாய்ச்சலில் குளுக்கோசும் ஓசிச் சவாரி செய்துவிடும். இரண்டும் போன பின்னால் தண்ணீர் தானாகத் தொடரும். ராபர்ட் கிரேன் என்பவர் 1960 ஆகஸ்டில் பிராக் நகரத்துக் கூட்டம் ஒன்றில் இந்த யோசனையை முன்வைத்தார்.

காலராவில் என்ன ஆகிறது என்றால், கிருமியின் நஞ்சு குடல் செல்லின் குளோரைடு மதகைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. அந்த நஞ்சைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் கண்டு சொன்னார். குளோரைடு வெளியே கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். ஆனால் நான் சொன்ன இரட்டைத் தாழ்ப்பாள் வாசலை அந்த நஞ்சு தொடுவதில்லை. வெறும் உப்புநீர் குடித்தால் அப்படியே வெளியேறும், குளுக்கோசோடு குடித்தால் உள்ளே ஏறும்.

இதை உலகத்துக்கு நிரூபித்த இடம் நம் நாட்டில்தான் இருக்கிறது. 1971 பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்கத்தில் பங்காவ் என்ற எல்லை ஊருக்கு அகதிகள் குவிந்தார்கள், காலராவும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரித் தரையில் கால் வைக்க இடமில்லை, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலமாகக் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் மறு வருடம் வந்தது.

இப்போதைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடப் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குளுக்கோசும் சோடியமும் எண்ணிக்கையில் சரிசமமாக, 75-க்கு 75 என்று வருகிறமாதிரி கணக்குப் போட்டது. அதனால் பெரிய பொட்டலத்தைக் கண் மதிப்பில் பாதி பிரித்துத் தம்ளரில் கலக்காதீர்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். "பிள்ளை குடிக்கமாட்டேன் என்கிறது" என்று இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவதும் தப்பு. குடலுக்குள் சர்க்கரை நெருக்கமானால் உங்கள் மாவடு ஜாடிதான்: தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்கு இழுபடும். கடையில் அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அப்படிப் பெயர் போடக் கூடாதென்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது. நம் பாட்டிமார் கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இந்தக் கணக்கில் தேறும். அரிசி மாவு குடலில் செரித்துக் குளுக்கோசாக மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும்.

மதுரை வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் புதிதாக எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை எழுதினார். அதிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நாலு பிளஸ். மாத்திரை வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தஞ்சாவூர்க்கார அம்மாவுக்குச் சொன்ன வாசலுக்குச் சிறுநீரகத்தில் ஒரு தம்பி உண்டு. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டிவிட்டு, வீணாகக் கூடாதென்று அந்த வாசல் வழியாகக் கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். உங்கள் மாத்திரை அதை அடைக்கிறது. எடுக்க முடியாத சர்க்கரை சிறுநீரோடு போகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருளிலிருந்துதான் இந்த மருந்து வகையின் வரலாறு தொடங்குகிறது. சிறுநீர் வழியில் சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், அதனால் சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் இதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சீர்காழி வாசகி: துணி துவைத்து முடித்தால் விரல் நுனியெல்லாம் மாவடு போலச் சுருங்குகிறது. இதுவும் அதே சவ்வூடு பரவல்தானே டீச்சர்?

இல்லை. யோசித்துப் பாருங்கள்: துவைக்கும் தண்ணீர் உடம்புச் சாற்றைவிட நீர்த்தது. சவ்வூடு பரவல் என்றால் தண்ணீர் உள்ளே போய் விரல் உப்ப வேண்டுமே தவிர சுருங்கக் கூடாது. மேல்தோல் உப்பிப் போய் மடிகிறது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஆனால் விபத்தில் விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு, எவ்வளவு நேரம் ஊறினாலும் அந்த விரல் சுருங்குவதில்லை என்று 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நரம்பு கட்டளை போட, விரல் நுனியின் ரத்தக் குழாய்கள் இறுகி, உள்ளே கன அளவு குறைந்து, மேலே தோல் மடிகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழெட்டு வருடம் இதைச் சவ்வூடு பரவலுக்கு உதாரணமாகவே நடத்தியிருக்கிறேன். அந்த பேட்ச் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நோட்டில் அந்த வரியை அடித்துவிடவும்.